நிரப்பாத குடுவை

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கக் கூடாது.

அந்த அறுவை அறையின் மூத்த நர்ஸ் அவள். இன்று மேசைக்குப் பக்கத்தில் நிற்காமல், பித்தப்பைக் கல்லோடு மேசைமேல் படுத்திருந்தாள். தூக்க ஊசி ஏறியபோது கையில் ஓடிய குளிரும், அதோடு எல்லாம் நழுவிப்போனதும் நினைவிருந்தது. நழுவியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது: தொண்டைக் குழாய் வழியே இயந்திரம் அவளுக்காக மூச்சை இழுத்து விடும் ஓசை, தட்டில் கத்தரிகளை அடுக்கும் கிணுகிணுப்பு, வயிற்றில் யாரோ தடவும் ஸ்பிரிட்டின் ஈரச் சில்லிப்பு, இமைகளை மூடி ஒட்டிய பிளாஸ்திரியின் இழுப்பு. பயம்கூட உடனே வரவில்லை. விரலை அசைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். விரல் இருந்தது. அசையவில்லை.

"அக்கா வாய மூடி நான் பாத்ததே இல்ல சார்," என்று சின்ன நர்ஸ் சிரித்தாள்.

"எல்லாம் தூக்க ஊசிக்கு அப்புறம் போட்ட இந்த மருந்தோட மகிமை," என்றார் மயக்க டாக்டர். "ஒரு காலத்துல வேட்டைக்காரங்க அம்பு நுனியில தடவுன விஷம்மா இது. குரங்கு மேல பட்டா, கிளையப் புடிச்ச கை தானா விட்டுடும். கீழ விழுந்து முழிச்சுப் பாத்துக்கிட்டே கிடக்கும்."

"முழிச்சா?"

"உடம்பத்தான் கட்டும், நினைப்பக் கட்டாது. அது தெரியாம ஆரம்பத்துல சில டாக்டருங்க இத மட்டும் போட்டு வெட்டியிருக்காங்க. அசையலன்னா தூங்குறாங்கன்னு நினைப்பு."

"ஐயோ! அவங்க அப்புறம் சொல்லலியா?"

"சொன்னாங்க. டாக்டருங்கதான் கனவுன்னுட்டாங்க."

அவளுக்கு இந்தக் கதை மனப்பாடம். தூக்க ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு ஆளைத் தூக்கத்திலேயே வைத்திருப்பது இயந்திரத்துக் குடுவையிலிருந்து வரும் ஆவி. தினமும் காலையில் விளக்கைப் போட்ட கையோடு அந்தக் குடுவையை நிரப்புவது அவள்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அதனால் யாரும் திறந்து பார்ப்பதுமில்லை.

இன்று காலை அவள் நோயாளியின் அங்கியில் வந்தாள். எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். படுத்தாள்.

குடுவை?

பீப் சத்தம் விரைந்தது.

"நாடி எகிறுது சார்."

"ஆவித் திருகு சரியாத்தானே இருக்கு. வேற ஊசி போட்டு இறக்கிடலாம்."

குடுவையைப் பாருங்கள். திருகை அல்ல. குடுவையை.

இடது கண்ணோரம் பிளாஸ்திரி நனைந்தது. அவள் உடம்பில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"சார், அக்கா கண்ணுல தண்ணி."

கடிகாரம் ஓடியது. யாராவது. ஒரு வார்த்தை.

"கண்ணு உறுத்தும், தொடச்சிட்டு ஒட்டிடுன்னு அக்காதான் சொல்லித் தந்தாங்க," என்று சின்ன நர்ஸே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அப்படித்தான் அவளும் துடைத்திருக்கிறாள். எத்தனையோ முகங்களை. இப்படியே, மெதுவாக, பஞ்சால்.

புதுப் பிளாஸ்திரி. கட்டைவிரலின் அழுத்தம்.

ஊசி வேலை செய்தது. பீப் நிதானமானது. தூங்குகிறவளின் நாடி.

"கத்தி," என்றார் சர்ஜன்.

தொப்புளுக்குக் கீழே கையுறை விரல்கள் தோலை இழுத்துப் பிடித்தன. பீப். பீப். அவ்வளவு அமைதியாக.