தொட்டில் சேலைகள்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் துருப்பிடிக்காத பொருள் என்று ஒன்றுமே மிச்சமில்லை. ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, கூரைத் தகரம் எல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. கூரைக்குக் கீழே குறுக்காக ஓடிய இரும்புக் குழாய்களில் மட்டும், அந்தக் காலத்தில் தொட்டில்கள் தொங்கிய இடங்கள் நேற்றுத் தேய்த்துவிட்டதுபோலப் பளபளத்தன. அங்கே தொட்டில் கட்டி எத்தனையோ வருஷமாகிறது.

தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜீவராணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூரை எங்கே ஒழுகுகிறது என்று தேடப் போய்விட்டாள். தலைக்குமேல் வெள்ளம் போகிறவளுக்குச் சாண் என்ன, முழம் என்ன.

போன மழையில் அவளுடைய பள்ளிக்கூடத்துச் சுவர் உச்சியிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. அதிகாரிகள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள். பிறகு கொஞ்சநாள் கோயில் மண்டபத்தில், கொஞ்சநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். திங்கட்கிழமைக்குள் இடம் கிடைக்காவிட்டால் டவுன் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறாத பாதையில் ஆறு வயசுப் பிள்ளை டவுனுக்கு எப்படிப் போகும்? பாதிப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடும். அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகள் லோஜினி, பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா இடம் தேடி அலையப் போய்விடுவதால், பக்கத்து வீட்டில்தான் கிடந்தாள். நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"எல்லாப் புள்ளைங்களயும் அவங்கவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க. நீங்க மட்டும் வர்றதே இல்லம்மா."

அது ஜீவராணிக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஒரு வாரம் பொறு கண்ணு என்றாள். அதைத்தான் அவள் இரண்டு மாதமாகச் சொல்லிவந்தாள்.

தோட்டத்துக் காவல்காரர் மாயாண்டி விளக்குமாறோடு வாசலிலேயே நின்றார்.

"இது பாறை மேல கட்டுனது டீச்சர். அன்னைக்கு மல சரிஞ்சப்பகூட இதுக்கு ஒண்ணும் ஆகல. மத்தியானம், கொழுந்து அரைக்கிற ஸ்டோர்ல சங்கு ஊதுன நேரம். புள்ளைங்களுக்குப் பால் குடுக்க பொம்பளைங்க மேல ஏறி வந்துக்கிட்டிருந்தாங்க. வழியிலயே மூடிருச்சு."

"புள்ளைங்க?"

"ஒரு கீறல் இல்ல. சொந்தக்காரங்க வந்து ஊருக்கு ஒண்ணாத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. அம்மாமாரத்தான் தோண்டி எடுக்கவே முடியல. அதோட ஸ்டோரையும் மூடிட்டாங்க."

மலையே சரிந்தும் நின்ற கட்டிடம் என்ற நிம்மதிதான் ஜீவராணிக்கு முதலில் வந்தது. அப்படி நிம்மதி வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

ஒரே கூடம், ஐந்து வகுப்பு. சுவருக்கு வழியில்லாத இடத்தில் சேலையைக் கட்டி வகுப்புப் பிரிப்பது தோட்டப் பள்ளிக்கூடங்களில் புதிதல்ல. மூலையில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது பழஞ்சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. புளித்த பால் வாசனை லேசாக வந்தது.

"அது தொட்டில் சேல டீச்சர்," என்றார் மாயாண்டி. "அந்தந்த அம்மா சேலையிலதான் அந்தந்தப் புள்ளைக்குத் தொட்டி கட்டுவாங்க. கொழுந்து மலையில நின்னே ஜன்னல் வழியாப் பாப்பாங்க. தன் சேல தொங்குனா, தன் புள்ள உள்ள இருக்குன்னு அர்த்தம்."

"தொவைச்சுட்டா எல்லாம் துணிதான் அண்ணே."

அவள் துவைத்துக் காயவைத்து, சேலைகளைக் குழாய்களில் வரிசையாகத் தொங்கவிட்டு முடிக்கும்வரை மாயாண்டி உள்ளே காலெடுத்து வைக்கவேயில்லை.

ஞாயிறு பின்னேரம் பிள்ளைகள் உட்கார வாங்குகளை அடுக்க வந்தவள் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். நேராகத் தொங்கவிட்ட சேலைகள் எல்லாம் நுனி மேலேறி, முடிச்சுப் போட்டு, தொட்டிலாகத் தொங்கின. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காற்று முடிச்சுப் போடுமா? மாயாண்டியின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். அவர்தான் உள்ளேயே வருவதில்லையே. ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முடிச்சுகளில் ஈரமண் அப்பியிருந்தது. துணியின் மடிப்புக்குள், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப்போல, இளஞ்சூடு இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றி எரித்திருக்க வேண்டும். விடிந்தால் திங்கள், வேறு துணி இல்லை. மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி தொங்கவிட்டாள்.

திங்கள் காலை பிள்ளைகள் சிரிப்பும் கூச்சலுமாக வந்து சேர்ந்தன. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. லோஜினியின் சப்பாத்துக் கயிற்றை அவளே குனிந்து கட்டிவிட்டாள். "இன்னைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள். லோஜினி நம்பாதவள்போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மத்தியானம் நெருங்க நெருங்க மூட்டம் மலையிலிருந்து இறங்கி, முதலில் தேயிலைச் செடிகளை, பிறகு வாசற்படியை, பிறகு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்து, சேலைகளுக்கு நடுவே வழிதெரிந்த ஆள்போல நகர்ந்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஜீவராணி சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

சங்கு ஊதியது.

ஸ்டோர் மூடிக் கிடக்கிறது. ஆனாலும் ஊதியது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல.

பிள்ளைகளின் சத்தம் நின்றது. ஈரமண் வாசனை. பச்சைக் கொழுந்து வாசனை. அதற்குள் பால் வாசனை.

சேலைகள் தரையைத் தொடவில்லை. கீழே இருந்த இடைவெளியில் வெள்ளைச் சப்பாத்துகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி வெறுங்கால் வந்து நின்றது. சேறு அப்பிய, நகம் பிய்ந்த, பெரிய கால். அதற்கப்பால் இன்னொரு ஜோடி. இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில்.

ஒரு ஜோடி சப்பாத்து மேலே போனது.

அடுத்தது.

அடுத்தது.

கிரீச். கிரீச். குழாயில் துணி உராய்ந்தது.

"மாயாண்டி அண்ணே!" சேலைகளை விலக்கிக்கொண்டு ஓடினாள். துணி ஈரமாக, கனமாக முகத்தில் அறைந்தது. முதலாம் வகுப்பு. வாங்குகள் காலி. தலைக்குமேலே தொட்டில்கள். தொட்டிலுக்குப் பொருந்தாத நீளக் கால்கள். பக்கத்திலேயே இரண்டாம் வகுப்பு. கத்தரிப்பூ நிறச் சேலை.

அதன் விளிம்பில் இரண்டு சப்பாத்துகள் தொங்கின. காலையில் அவள் கட்டிய முடிச்சு.

தொட்டிலை ஒரு கை ஆட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கு. தலையில் கம்பளி முக்காடு. முக்காட்டுக்குள் மண். மண் மட்டும்.

"லோஜி. எறங்கு கண்ணு. அம்மா வந்துட்டேன்."

தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை தலையைத் தூக்கியது. உதட்டோரம் பால் வழிந்திருந்தது. சேற்று நிறப் பால். ஜீவராணியை வெகுநேரம் பார்த்தது. பிறகு முக்காட்டின் பக்கம் திரும்பியது.

"யாரும்மா இவங்க?"

அந்தக் கை நிதானமாகச் சேலையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடியது. பிறகு, ஆட்டத் தொடங்கியது.