நான்காவது பகுதி

மூன்று வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன.

எவரெட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரை. ஒரே ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகத் தடுத்தவன் அவன்தான். ஒன்றில் புது விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், மூன்றாவதில் மகள் பிரிட்டாவின் விளையாட்டுகளுக்காக விட்டுவைத்த பழைய விண்டோஸ். நான்காவது வரிக்குப் பெயரே இல்லை.

பிரிட்டா போன ஜனவரியில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவள். பதினோரு வயது. அந்த மூன்றாவது பகுதியில் இருந்த பதினேழு வீடியோக்கள்தான் அவளில் மிச்சம். டுலூத் நகரத்தில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து, "முதல்ல இன்னொரு டிஸ்க்ல போட்டு வைங்க" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆசாமி, தன் வீட்டில் அதைச் செய்யவில்லை. செய்தாயிற்று என்று மனைவி மார்லிஸிடம் கூசாமல் புளுகியிருந்தான்.

பெயரில்லாத பகுதி வளர்ந்தது. புதன்கிழமை இரண்டு ஜிபி, வெள்ளிக்கிழமை ஒன்பது. அத்தனையும் பக்கத்திலிருந்த பிரிட்டாவின் பகுதியிலிருந்து அரித்தது. சனிக்கிழமை மதியம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் இருந்த நிலவறையில் ஹீட்டர் உறுமும் சத்தத்துக்கு அடியில் ஏதோ சொட்டுவது போலவும், தூசியும் எண்ணெயும் கலந்த வழக்கமான வாடையை மீறி ஏரித் தண்ணீரின் பாசி வாடை வருவது போலவும் அவனுக்குத் தோன்றியது. பயமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் பதினேழும் போய்விடும்.

பென் டிரைவ் வழியாக கம்ப்யூட்டரைக் கிளப்பி, அந்தப் பகுதியை அழிக்கச் சொன்னான். முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்றது திரை.

யார் பயன்படுத்துகிறார்கள்?

அழிக்க முடியாவிட்டால் நசுக்கலாம். அதன் எல்லையை ஒரேயடியாகச் சுருக்கி, இடத்தைப் பிரிட்டாவின் பக்கம் சேர்க்கச் சொன்னான். நடுவில் நிறுத்தினால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும் என்று எச்சரிக்கை வந்தது. இதே எச்சரிக்கையை எத்தனையோ வீடுகளில் படிக்காமல் தாண்டியவன், இதையும் தாண்டினான்.

இருபது சதவீதத்தில் பெட்டிக்குள் தட்டும் சத்தம். டிஸ்க் கெட்டால் வருகிற சத்தம் அவனுக்குத் தெரியும். இது விரல் முட்டியால் தட்டுவது. கீழேயிருந்து மேலே.

நாற்பது.

"அப்பா."

அவன் பெட்டியின் மேல் காதை வைத்தான்.

"தள்ளாதப்பா. இடமில்ல."

கை பிளக்குக்குப் போனது. பிடுங்கினால் பதினேழும் போகும், அவளும் போவாள். இன்னொரு டிஸ்க்கில் போட்டிருந்தால் பிடுங்கியிருக்கலாம்.

"எவரெட், அந்தப் பிறந்தநாள் வீடியோவ இன்னிக்குப் பாக்கலாமா?" மேலேயிருந்து மார்லிஸ் கேட்டாள். "காபியோட வர்றேன்."

"வா," என்றான்.

எழுபது. தட்டல் வேகமானது.

"அப்பா, வலிக்குது."

தொண்ணூறு. அவன் பிளக்கைப் பிடித்தபடியே அழுதான். பிடுங்கவில்லை.

நூறு.

வெற்றிகரமாக முடிந்தது.

மறுபடி கிளப்பினான். மூன்றே வரிகள். பதினேழு வீடியோக்களும் பத்திரமாக இருந்தன. பிறந்தநாள் வீடியோவைத் திறந்தான். கேக் இருந்தது. பதினோரு மெழுகுவத்திகள். வீடியோவில் மார்லிஸ் கைதட்டிப் பாடினாள், காலி நாற்காலியைப் பார்த்து.

திரையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒரு விரல் அகலத்தில் ஒரு பட்டை. அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர். ஈர முடி. அரை வாய். ஒரு கண்.

அந்தக் கண் அவனைப் பார்த்துச் சிமிட்டியது.

அடுத்த வீடியோ. அதே ஓரம். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும்.

படிக்கட்டு கிறீச்சிட்டது. "ஆரம்பிச்சுட்டியா? நான் வர்றவரைக்கும் பொறுக்காதே உனக்கு," என்று மார்லிஸ் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

திரையின் ஓரத்தில் கண் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. அரை வாய் திறந்தது.