ஜெபசீலனின் கடைசிக் குறிப்பு

காலை 9:50. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து ஜெபசீலனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். உயிர் இல்லை. விஷவாயு.

11:30. இன்ஸ்பெக்டர் மோகனா வந்தபோது தொட்டிப் பக்கம் போக எவருக்கும் துணிவில்லை. அலுவலக அறையில் மேற்பார்வையாளர் நவநீதன் டேப்லெட்டை நீட்டினார்.

"இறங்கறதுக்கு முன்னாடி அவரே வாயுவை அளந்து எழுதியிருக்காரு மேடம். இதுல இருக்கிற படிவம், அந்த டெம்ப்ளேட்டே, நேரத்தைப் போட்டுடும். பொய் சொல்லாது."

திரையில் இருந்தது:

சோதித்தவர்: ஜெபசீலன்
நேரம்: 09:15
விஷவாயு: இல்லை
அடுத்த சோதனை: 14:35

"இது யார்கிட்ட இருந்துச்சு?"

"பாடியைத் தூக்கின உடனே நான் எடுத்து வச்சுக்கிட்டேன். வேற யாரும் தொடல."

பள்ளிகொண்டாவிலிருந்து ஓடிவந்திருந்த ஜெபசீலனின் மனைவி சாரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாயு அளக்கற மீட்டர் ரிப்பேருன்னு ஒரு வாரமா சொல்லிட்டிருந்தாரு. அதுல எப்படி அளந்திருப்பாரு? தப்பு அவரு மேலன்னு எழுதிடாதீங்க மேடம்."

மோகனா 'புதிய குறிப்பு' என்ற பொத்தானைத் தொட்டாள். கை வைக்காமலே எழுத்துகள் வந்து விழுந்தன.

சோதித்தவர்: ஜெபசீலன். நேரம்: 11:42.

சாரா திரையருகே வந்தாள். "அவரா எழுதறாரு?"

"இல்லம்மா. அவர் பேர்ல லாகின் இருக்கு. பேரு, நேரம் எல்லாத்தையும் டெம்ப்ளேட்டே தானா போட்டுக்கும்." மோகனாவின் விரல் கடைசி வரியில் நின்றது. அடுத்த சோதனை: 15:42.

"நாலு மணி நேரம் கூட்டி இதையும் அதுவே போடுது. நவநீதன், 09:15க்கு என்ன வரணும்?"

அவர் டேப்லெட்டை வாங்கக் கை நீட்டினார். மோகனா அதைத் தள்ளிப் பிடித்தாள்.

"13:15. ஆனா 14:35 வந்திருக்கு. அப்போ இந்தக் குறிப்பு பிறந்தது 10:35க்கு. அவர் செத்து முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. டேப்லெட் உங்க கையில. மேல இருந்த நேரத்தை அழிச்சு 09:15ன்னு அடிச்சீங்க. கீழ இருக்கிற கூட்டலை விட்டுட்டீங்க. எழுதினது நீங்கதான்."

நவநீதன் நாற்காலியில் சரிந்தார்.

"அளக்காம இறங்க மாட்டேன்னான். ரெண்டே நிமிஷம்னு நான்தான் இறக்கினேன். உள்ளேர்ந்து அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டான். அப்புறம் சத்தமே இல்ல."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" சாரா கேட்டாள்.

"மேலதான். குனிஞ்சு பாக்கக்கூட பயமா இருந்துச்சு."

12:20. ஜீப் தொட்டியைக் கடந்தபோது நவநீதன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அங்கே எந்தச் சத்தமும் இல்லை.