முதல் தொட்டியில் இருபது பேர்

செல்போன் அலறியபோது இன்ஸ்பெக்டர் காலை டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

எடுத்தார்.

"ஐயா... யாரோ மருந்து கலந்துட்டாங்கய்யா. மொத்தக் குடும்பமும் போயிடுச்சு. இருபது பேரு..."

பேசியது, இன்ஸ்பெக்டருடைய தங்கையின் ஆய்வக உதவியாளர். எந்தச் செய்தியையும் உடனே ஒலிபரப்பிவிடுவதால் பெயர், ரேடியோ.

இருபது பேர்!

டீ மேஜையில் கவிழ்ந்தது. ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு பறந்தார்.

ஆய்வகக் கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றார்.

வெள்ளைத் துணியில் வரிசையாகச் சடலங்கள்.

ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"யோவ்... மீனா?"

"மீன்தாங்கய்யா. நான் வேற யாருன்னு சொன்னேன்?"

ஆம்புலன்ஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் வேண்டுமா, கிண்ணம் போதுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

தங்கை சிரிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

மூன்று வருட ஆராய்ச்சியை அண்ணனுக்குச் சுருக்கமாகச் சொன்னாள். ஆற்றில் கலக்கும் செம்பு, குறைந்த அளவில் மீனைக் கொல்லாது. சாக்கடையோடு வந்து சேரும் வலி மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் ஒரே நீரில் சேர்ந்தால்தான் ஆபத்து.

அதைக் காட்ட மூன்று தொட்டிகள். முதலாவதில் செம்பு மட்டும். அடுத்ததில் மாத்திரை மட்டும். மூன்றாவதில் இரண்டும். மூன்றாம் தொட்டி மீன்கள் எதிர்பார்த்தபடியே முந்தாநாள் இறந்துவிட்டன. இரண்டாம் தொட்டி மீன்கள் இப்போதும் துள்ளுகின்றன.

சாகவே கூடாத முதல் தொட்டிதான் காலி.

"சாயங்காலம் கமிட்டி வருதுண்ணா. செம்பே தனியா கொன்னுடுச்சுன்னு எழுதிட்டா என் ஆராய்ச்சிக்கு அர்த்தமே இல்ல. லேபை இழுத்துப் பூட்டிடுவாங்க."

இன்ஸ்பெக்டரின் மூளை சுறுசுறுப்பானது. செம்பு மேல் பழி விழுந்தால் லாபம் யாருக்கு...?

மாத்திரை கம்பெனிக்கு!

நேற்று அதன் அதிகாரி வந்து தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ரேடியோ அடித்துச் சொன்னார்: அந்த மனிதர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார், மறு கையில் போன். மூன்றாவது கை இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்குள் தங்கை முதல் தொட்டி நீரை எடுத்துப் பரிசோதனை இயந்திரத்தில் வைத்திருந்தாள். திரையில் கோடுகள் எழுந்தன.

அவள் புருவமும் எழுந்தது.

"செம்பு ஏறவே இல்ல. ஆனா அதே வலி மருந்து இருக்குண்ணா. மாத்திரை இல்ல... தண்ணி மேல பிசுக்கு பாரு. களிம்பு. யாரோ களிம்பு தடவின கையை உள்ள விட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் ரேடியோ பக்கம் திரும்பினார்.

நிற்காமல் ஒலிபரப்பும் ரேடியோ, வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக இப்போதுதான் மௌனமாக இருந்தார்.

"யாரா இருந்தாலும் சொல்லுய்யா. நான் தயவு தாட்சண்யம் பாக்க மாட்டேன்."

"நேத்து சாயங்காலம்... ஒரு மீனு மோட்டார் குழாய்க்குப் பின்னாடி மாட்டிக்கிச்சுன்னு... முதல் தொட்டியில முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்து விட்டீங்களேய்யா..."

இன்ஸ்பெக்டர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

ஜேப்படித் திருடனைத் துரத்தியதில் சுளுக்கியது என்று ஸ்டேஷன் முழுக்க நம்புகிறது. உண்மையில் குளியலறையில் வழுக்கியது. தினமும் மூன்று வேளை களிம்பு, தாராளமாக.

"அப்ப... நானா?"

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணா, நீ என் வயித்துல பாலை வார்த்துட்ட! செம்பு மட்டும் இருந்தவரைக்கும் நல்லா நீந்துச்சு. உன் களிம்பு சேர்ந்ததும் செத்துச்சு. மருந்துதான் அதை விஷமாக்கியிருக்கு. அதுவும் எனக்கே தெரியாம! நான் வேணும்னு செஞ்சேன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது."

மாலை கமிட்டி முன்னால் அவரே வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றாள். குளியலறை உட்பட.

"தண்டனை எதுவும் உண்டாம்மா?"

"உண்டு. இனிமே கையைக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்."

ரேடியோவுக்கு மறுபடி ஒலிபரப்பு வந்துவிட்டது.

"கஷ்டம், டாக்டரம்மா. ஐயாவுக்குக் கேஸைத்தான் கை கழுவிப் பழக்கம்."