நீலச் சிரையின் ரீங்காரம்

என் கணவரின் வருட நினைவு விருந்து முடிந்து, கறுப்புத் தலைத்துணியைக் கழற்றி வைத்துவிட்டு நான் மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பிய அன்றே மின்சாரம் போய்விட்டது. அலாய் மலையடிவாரத்து எங்கள் ஊரில் பனிக்காலம் வந்தால் இது சகஜம். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. உடற்கூறு அருங்காட்சியக வாசலில் மைராம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அந்த அறைக்கும் அதன் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் அவள்தான் பொறுப்பு.

"வாங்க சாதாத் அக்கா! நீங்க இல்லாத நேரத்துல புது மாப்பிள்ளை ஒருத்தர் வந்திருக்காரு. தலைநகரம் வரைக்கும் போய்ப் பரிசு வாங்கிட்டு வந்திருக்காரு. பாத்தா அசந்துருவீங்க."

"மாப்பிள்ளைக்குச் சதை இருக்கா, எலும்பு மட்டுமா?"

"ரெண்டும் இல்ல. வெறும் ரத்தக் குழாய். சண்டையே போட மாட்டாரு!"

ஒரு வருடம் கழித்து அன்றுதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

உள்ளே பழைய வாடையோடு அமிலத்தின் புளித்த நெடியும் கலந்திருந்தது. ஜன்னலோரம் அந்தப் பெட்டி. இறந்தவரின் வயிற்று ரத்தக் குழாய்களில் வண்ணப் பிசினைச் செலுத்தி, அது இறுகிய பிறகு சதையை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். குழாய்களின் வடிவம் மட்டும் அப்படியே நிற்கும். தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம். 'அடையாளம் தெரியாத ஆண். தயாரிப்பு: கஸிமாலி' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

கஸிமாலி எங்கள் ஊரின் முதல்தரமான அறுவை மருத்துவன். பட்டாளத்தில் என் கணவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு.

மாணவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் குச்சியை எடுத்தேன்.

"பெருந்தமனியிலேருந்து குடலுக்கு மூணு கிளை. முதல் கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. ரெண்டாவது சிறுகுடலுக்கும் பெருங்குடல்ல முன்பாதிக்கும். மூணாவது மிச்சத்துக்கு. போறது மூணு வழியா இருந்தாலும் திரும்பி வர்றது ஒரே வழிதான். நீலம் மொத்தமும் இந்த வாயிற்சிரைல சேர்ந்து, கல்லீரலுக்குள்ள நுழைஞ்சு, அதுக்கப்புறம்தான் இதயத்துக்குப் போகும்."

"கல்லீரல் அடைச்சுக்கிட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ரத்தம் நிக்காது. சந்து பொந்து தேடும். உணவுக்குழாயோட அடிமுனை, தொப்புளைச் சுத்தி, ஆசனவாய். அங்கெல்லாம் மெல்லிய சிரைங்க வீங்கிரும். உணவுக்குழாய்ல வெடிச்சா ஆளு பாத்திரம் நிறைய ரத்தமா வாந்தி எடுப்பான்."

என் கணவர் தோக்தோசுன் எடுத்தார். ஒரு சொட்டு மது தொடாத மனிதர். சிறுவயதில் வந்த மஞ்சள் காமாலை கல்லீரலைக் கல்லாக்கிவிட்டிருந்தது. அவர் தொப்புளைச் சுற்றிச் சிரைகள் புடைத்திருந்தன. அங்கே காதை வைத்தால், தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவார் கொதிக்கப்போகும்போது வருமே, அப்படி ஓயாத ஒரு ரீங்காரம் கேட்கும். நான் காது வைக்கும்போதெல்லாம் என் உச்சந்தலையில் விரலால் தட்டுவார். "ரேடியோல என்ன செய்தி?" என்பார். பயத்தை மறைக்க அவர் கண்டுபிடித்த வேடிக்கை அது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கஸிமாலிதான் அறுவை செய்தான். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போக, வாயிற்சிரையையும் பக்கத்திலுள்ள கீழ்ப்பெருஞ்சிரையையும் ஒட்டித் தைத்தான். ரீங்காரம் நின்றது. அந்த வாரமே இதயமும் நின்றது.

"இனிமே அவரை அறுக்காதே கஸிமாலி. முழுசா மண்ணுக்குக் குடுத்துரு," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் மேசையிலிருந்த ரொட்டியைப் பிட்டுக் கையில் பிடித்தான். "அண்ணன் மேல இனி கத்தி படாது அண்ணி. பட்டா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

எங்களில் யாரும் அந்தச் சத்தியத்தை விளையாட்டுக்குச் செய்வதில்லை. அதனால்தான், வயிற்றுக் கட்டை அவிழ்க்க வேண்டாம், புண் பிரிந்துவிடும் என்று அவன் சொன்னபோது நம்பினோம். உறவுக்காரர்கள் கட்டின் மேலேயே நீரூற்றிக் கழுவினார்கள். தூக்கும்போது என் மைத்துனர் திகைத்துப் போய், "என்ன இவ்ளோ லேசா இருக்கான்?" என்றார்.

நோய் தின்றுவிட்டது என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

குச்சி சிவப்புக் கிளைகளின் மேல் நகர்ந்தது. கல்லீரலின் வலப்பக்கத்துக்கான தமனி, முதல் கிளையிலிருந்து வராமல் இரண்டாவதிலிருந்து பிரிந்திருந்தது. சிலருக்கு அப்படி இருக்கும். என் கணவருக்கும் இருந்தது. குழாய்களில் சாயம் ஏற்றி எடுத்த அவருடைய எக்ஸ்ரே படத்தைச் சமையலறை ஜன்னலில் வைத்து எத்தனையோ முறை பார்த்தவள் நான்.

நீலத்துக்கு வந்தேன்.

வாயிற்சிரையும் கீழ்ப்பெருஞ்சிரையும் ஒட்டியிருந்தன.

நடுவில் நீள்வட்டமாக ஒரு வாய். அதன் விளிம்பு நெடுக, சீராக, தையல் தடம்.

குச்சி கையிலிருந்து நழுவியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

"யாரு சமோவார் போட்டது?" என்றான் ஒரு மாணவன்.

"கரண்டே இல்லியே," என்றது இன்னொரு குரல்.

மைராம் என் அருகே வந்து, "அது அப்பப்ப வரும் அக்கா. கண்ணாடி அதிருதுன்னு நினைச்சேன்," என்று கிசுகிசுத்தாள்.

நான் குனிந்து, தொப்புள் இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் காதை வைத்தேன்.

கண்ணாடி சூடாக இருந்தது.

கஸிமாலியின் அறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அவன் தேநீரும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அண்ணி, உக்காருங்க. டீ ஊத்தவா?"

"என் புருஷனைக் குடு."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே பழைய நிறத்துக்குத் திரும்பியது. "துக்கத்துல என்னென்னவோ தோணும் அண்ணி. அது யாரோ அநாதைப் பொணம்."

"என் வீட்டு உப்பைத் தின்னவன்டா நீ! அந்தப் பொணத்துக்கு உன் தையல் எங்கேருந்து வந்துச்சு?"

"மெதுவாப் பேசுங்க. வெளிய பசங்க இருக்காங்க." ரொட்டியைப் பிட்டான். "சத்தியமாச் சொல்றேன். அது அண்ணன் இல்ல. இருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

வாயில் போட்டு மென்றான். விழுங்கினான்.

கண்கள் விரிந்தன.

இருமினான். மறுபடி இருமினான். பிறகு மேசை, கோப்பை, ரொட்டி எல்லாவற்றின் மேலும் ரத்தம் கொட்டியது. அந்த இரும்பு வாடை எனக்குப் பழக்கமானது.

கூச்சல் போட்டு ஆள் கூப்பிட்டேன். சாகட்டும் என்று ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

பிழைத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்தோம். மைராம் வாய்விட்டு அழுதபடி வெள்ளைத் துணி பிடித்தாள். என் மைத்துனர் கல்லறையை ஒட்டி உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்தார். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினோம். இனி அவர் முழு மனிதர், நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் கஸிமாலியின் வார்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பனி வெளிச்சத்தில் அவன் முகம் சாம்பலாகக் கிடந்தது. ஊசி போட்டிருந்ததால் கண்கள் செருகின.

"அப்படி ஒரு தையல் என் ஜென்மத்துல ஒரு தடவைதான் வந்துச்சு அண்ணி," என்று முனகினான். "மண்ணுல போட மனசு வரல."

இவ்வளவுதான் காரணம். ஒரு தையலின் அழகுக்காக அவரை அமிலத்தில் கரைத்திருக்கிறான். அவன் தூங்கிப் போனான்.

இளம் மருத்துவர் ஒருவர் தயங்கியபடி ஒரு படத்தை என்னிடம் நீட்டினார். "இவரோட கல்லீரல்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். வயித்துல பழைய தழும்பும் கிடையாது. ஆனா இதைப் பாருங்க."

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.

வலப்பக்கத் தமனி இரண்டாவது கிளையிலிருந்து பிரிந்திருந்தது.

இரண்டு சிரைகளுக்கும் நடுவே நீள்வட்டமாக ஒரு வாய்.

மருத்துவர் வெளியே போனார். நான் போர்வையை விலக்கினேன். கஸிமாலியின் தொப்புளைச் சுற்றிச் சிரைகள் புடைத்திருந்தன. குனிந்து காதை வைத்தேன். அதே ரீங்காரம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு வருடம் அழுதிருக்கிறேன், கனவில்கூட வராத மனுஷன். கடைசியில் குடியேற இவன் வயிறுதானா கிடைத்தது? அழுத என்னையும் அறுத்த இவனையும் அவர் ஒரே தட்டில் வைத்துவிட்டார் என்று தோன்றியது. எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் காதை எடுக்க மனம் வரவில்லை.

என் உச்சந்தலையில் ஒரு விரல் மெல்லத் தட்டியது.

தூங்குகிற கஸிமாலியின் வாய் அசைந்தது.

"ரேடியோல என்ன செய்தி?"