இரண்டு நிமிடம் முந்திய ஜன்னல்

திரையின் இடது ஜன்னலில் அக்காவின் கண்ணாடித் தம்ளர் மேசை மேல் இருந்தது. வலது ஜன்னலில் அது தரையில் நொறுங்கிக் கிடந்தது.

வீட்டுக் கேமரா விற்கும் கம்பெனியின் இணையதளம் எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. இடதுபுறம் அவன் கம்ப்யூட்டரின் பிரவுசர். வலதுபுறம், அதே கம்ப்யூட்டருக்குள் அவன் குடிவைத்திருந்த வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பிரவுசர். சோதனைக்குத் தன் வீட்டு ஹாலையே நேரலையில் ஓடவிட்டிருந்தான். அவன் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கும் ஒரே ஜீவனான அக்கா அங்கே சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசை புரோகிராமரைக் கூப்பிட்டான். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் மெஷின்ல மட்டும்தான்யா இப்படி வரும். மூஞ்சி ராசி."

மத்தியான வெயில் திரைச்சீலையில் காய, ஏசி தொண்டையைச் செருமியபடி சூடேறிய வயர் வாடையை அவன் பிடரியில் ஊத, இடது ஜன்னலில் அக்காவின் முழங்கை பட்டுத் தம்ளர் மெதுவாகச் சாய்ந்து விழுந்து நொறுங்கியது. வலது ஜன்னலின் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னால் ஓடுவதை அப்போதுதான் கவனித்தான். படமும்தான்.

"சார், இது ஜோசியம் பார்க்குது சார்!" என்றான். புரோகிராமர் டீ குடிக்கப் போயிருந்தார்.

திரும்பினான். வலது ஜன்னலில் அக்கா தனியாக இல்லை. சாம்பல் சட்டைக்காரன் ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். கையில் சுத்தியல். இறங்கியது. அவள் கால் உதைத்ததில் துணிகள் சரிந்தன. மறுபடி இறங்கியது. வெள்ளைத் துண்டு சிவந்தது.

போன் போட்டான்.

"அக்கா, வெளிய ஓடு!"

"ஏன்டா, ஆபீஸ்ல வெட்டியா இருக்கியா?"

"விளையாடலக்கா! வீட்டுக்குள்ள ஒருத்தன் உன்னை... கதவத் திறந்து ஓடுக்கா!"

"பூட்டின வீட்டுக்குள்ள எவன்டா வருவான்? காத்தா?"

அவனுக்கு அழுகை வெடித்தது. அக்காவின் சிரிப்பு நின்றது.

"சரிடா, அழாத. இதோ போறேன்."

செருப்புச் சத்தம். சாவி. தாழ்ப்பாள்.

"யாருங்க நீங்க?"

பூட்டிய கதவு. திறக்கச் சொன்னது இவன்.

அலறல். இடது ஜன்னலுக்குள் சாம்பல் சட்டைக்காரன் அவளை முடியோடு இழுத்து வந்தான். சுத்தியல். காதில் ஈரச் சத்தம். மறுபடி. மறுபடி.

வலது ஜன்னலில் எல்லாம் முடிந்திருந்தது. சாம்பல் சட்டைக்காரன் சோபாவில் உட்கார்ந்து, அக்காவின் போனைக் காதில் வைத்து, கேமராவை நேராகப் பார்த்தான். உதடுகள் நிதானமாக அசைந்தன. அவன் என்ன சொன்னான் என்பது காதுக்கு வர இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.