அண்ணன் விட்டுப்போன ஃபைல்

காலை 9.20. ஆய்வகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பொது ஃபோல்டரைத் திறந்தாள். அண்ணனின் இன்புட் ஃபைலைக் காணோம்.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். நட்சத்திரம் வெடிப்பதைக் கணினிக்குள் நடத்திக் காட்டியவர். போன மாதம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய கடைசி முடிவை வைத்து மேற்கொண்டு ஆராய ஆறு நாடுகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். அன்று மூன்று மணிக்கு அதை இணையத்தில் பகிர்வதாக ஆய்வகம் சொல்லியிருந்தது. கணக்கின் தொடக்க எண்கள் அடங்கிய இன்புட் ஃபைல் இல்லாமல் எவராலும் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது.

அக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. சர்வர் பதிவைப் பார்த்தாள். 9.05க்கு, இறந்தவரின் கணக்கிலிருந்தே அழித்திருந்தார்கள். மறுபிரதியையும் விட்டுவைக்கவில்லை. கடவுச்சொல்லை அண்ணன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தார். அது ஊருக்கே தெரியும்.

10.10. எல்லோருடைய கண்ணும் தாடிக்காரர்மேல். அண்ணனோடு எலியும் பூனையுமாக இருந்த சக விஞ்ஞானி அவர்.

"ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க?" அக்கா கேட்டாள்.

"இங்கதான்."

"அவர் முடிவு தப்புன்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"இப்பவும் சொல்றேன். நாளைக்கு அதே ஃபைலை ஓட்டத்தான் மெஷின்ல நேரம் கேட்டிருக்கேன்."

கேட்டிருந்தது உண்மை; மெஷினுக்கான வரிசையைப் பார்த்துக்கொள்வதே அக்காதான்.

11.30. மற்றவர்கள் 9.05லேயே நின்றுவிட்டார்கள். அக்கா அதற்கு முந்தைய வரிகளையும் படித்தாள். 8.50க்கு அதே கணக்கில் ஒரு ஓட்டம் முடிந்திருந்தது; அண்ணன் முன்பே வரிசையில் போட்டுவைத்தது என்று அவள் நினைத்திருந்தாள். தொடங்கியது பதினொரு நாள் முன்பு, அதாவது அண்ணன் போய் இருபது நாள் கழித்து. அதில் நேர அடி, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவு, பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. அடியைப் பாதியாக்கியும் முடிவு மாறாவிட்டால்தான் கணக்கு சரி. இந்தத் தொழிலில் எவரும் செய்கிற சோதனை அது.

12.05. அண்ணனின் மனைவியும் அதே ஆய்வகத்தில்தான் வேலை. அணைத்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் அண்ணி. தப்புன்னு காட்ட நினைக்கிறவருக்கு அந்த ஃபைல் வேணும். அவர் பேரைக் காப்பாத்த, யாரும் திரும்ப ஓட்டிடக் கூடாதுன்னு நினைக்கிறவங்கதான் அதை அழிப்பாங்க. நீங்க ஓட்டிப் பார்த்துட்டீங்க."

அணைத்த கணினியை அண்ணி திரும்பப் போட்டாள்.

"நட்சத்திரம் வெடிக்கவே இல்லம்மா. சும்மா அடங்கிப் போச்சு."

"அண்ணன் ஏன் சோதிக்கல?"

"பாதி அடியில ஓட்டினா பதினொரு நாள் ஆகும். டாக்டர் ஒரு வாரம்தான்னு சொல்லியிருந்தார்."

சாதித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு போனவரின் பெயர் கெடாமல் இருக்கட்டும் என்றுதான் செய்ததாக அண்ணி சொன்னாள். இதை நம்பி ஆறு நாட்டில் வருஷக்கணக்கில் உழைக்கப்போகிறவர்களை அக்கா நினைவுபடுத்தினாள். அண்ணி பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

2.40. தன்னிடமிருந்த பிரதியையும் புதிய ஓட்டத்தையும் அண்ணியே ஏற்றினாள். குறிப்பில் எழுதினாள்: "இந்த முடிவு தவறு. சரிபார்க்க அவருக்கு நாள் போதவில்லை." அவர் பெயருக்குக் கீழே, அதுவரை இல்லாத தன் பெயரையும் சேர்த்தாள்.

பகிர்ந்தாயிற்று. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அண்ணிக்கு அப்போதுதான் வந்தது.